புயல் என்றால் மேகம்

வள்ளுவர் மயிலாப்பூரில் வாழ்ந்தவர் என்பது மரபு. அதை நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் ஒருமுறை திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்கலாம். அங்கே புயல் என்ற சொல் வருகிறது. புயலாகிய வருவாயின் வளம் குன்றினால் உழவர் ஏர் பூட்ட மாட்டார்கள் என்கிறார் வள்ளுவர். இன்று மயிலாப்பூரில் புயல் என்றதும் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் வாங்கக் கடைக்கு ஓடுகிறோம். வள்ளுவருக்கோ வராத புயல்தான் கவலை.

அவர் சொன்ன புயல் மழை. மழையைச் சுமக்கும் மேகம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் புயலுக்கு மேகம் என்ற பொருளைத் தருகிறது. பெருங்காற்று என்பது அதோடு சேர்ந்து நிற்கும் இன்னொரு பொருள். நம்மாழ்வார் திருமாலின் மேனிக்குப் புயலை உவமை சொன்னார். கரிய, குளிர்ந்த, கொடுக்கப் போகிற ஒன்று என்றுதான் அந்தக் காதுகளில் இந்தச் சொல் ஒலித்திருக்க வேண்டும்.

மேகம் எப்படிக் காற்றாயிற்று? கொண்டல் என்ற சொல்லை அருகில் வைத்துப் பார்த்தால் வழி தெரிகிறது. கொண்டல் என்றால் மேகம். கிழக்கிலிருந்து வீசும் காற்றும் கொண்டல்தான். நம் சென்னைக் கரையில் அது இயல்பு. ஐப்பசி, கார்த்திகையில் பட்டினப்பாக்கத்திலோ ஊரூர்க் குப்பத்திலோ நின்று கடலைப் பார்த்தால் மேகமும் காற்றும் ஒரே திசையிலிருந்துதான் வரும். ஒன்றின் பெயர் மற்றதன் மேல் ஏறியதில் வியப்பில்லை. புயற்காற்று என்ற கூட்டுச்சொல் இன்றும் வழக்கில் இருக்கிறது. அதை மழைமேகம் கொண்டுவரும் காற்று என்று விரிக்கலாம். நாளடைவில் காற்று என்ற பின்பாதி உதிர்ந்து, முன்பாதியே இரண்டு பொருளையும் சுமந்துகொண்டது என்பது என் துணிபு.

வானிலை அறிவியலும் இந்தச் சொல்லுக்குச் சாதகமாகவே பேசுகிறது. வங்கக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறி, அந்தச் சூடு ஆழத்திலும் இருந்தால் நீராவி திரண்டு மேலே எழும். உயரே குளிர்ந்து மேகத்துளியாகும்போது, ஆவியாக எடுத்துக்கொண்ட வெப்பத்தை அது திருப்பிக் கொடுக்கிறது. அந்த வெப்பத்தில் காற்று இன்னும் எழும். கீழே அழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள காற்று பாயும். பூமியின் சுழற்சி அந்தப் பாய்ச்சலை வளைப்பதால் நம் அரைக்கோளத்தில் அது இடஞ்சுழியாகச் சுற்றுகிறது, தென் அரைக்கோளத்தில் வலஞ்சுழியாக. நிலநடுக்கோட்டை ஒட்டி இந்த வளைக்கும் விசை மிகக் குறைவு என்பதால் அங்கே புயல் உருவாவது அரிது. உயரக் காற்றும் கடல்மட்டக் காற்றும் வெவ்வேறு வேகத்தில் இழுத்தாலும் எழும் மேகத்தூண் சாய்ந்து கலைந்துவிடும். ஆக, மேகம்தான் அடுப்பு. காற்று அதில் பிறப்பது.

உலகின் எல்லாச் சுழற்காற்றுக்கும் இது பொருந்தாது. ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் குளிர்காலத்தில் தாக்கும் மிதவெப்பமண்டலப் புயல்கள், குளிர்காற்றும் வெப்பக்காற்றும் மோதும் எல்லையிலிருந்து வலுப்பெறுகின்றன. அமெரிக்கச் சமவெளியின் டொர்னேடோ நிலத்தின் மேல் இடிமேகத்திலிருந்து இறங்கி, பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துபோகும். அட்லாண்டிக் கரையில் ஹரிக்கேன், மேற்குப் பசிபிக்கில் டைஃபூன் என்பவை மட்டும் நம் வங்கக் கடல் புயலின் உடன்பிறப்புகள். பெயர் வேறு, பிறப்பு ஒன்று.

சைக்ளோன் என்ற ஆங்கிலச் சொல்லும் வங்கக் கடலோடு தொடர்புடையதுதான். கல்கத்தாவில் இருந்துகொண்டு கடற்புயல்களை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் 1848-இல் தம் நூலில் அதை முன்வைத்தார். பாம்பின் சுருளைக் கருத்தில் கொண்டு கிரேக்கத்திலிருந்து எடுத்தார். அவர் கண்டது சுழற்சியை. தமிழில் அதற்கு நேராக நிற்பது சூறாவளி: சூறை என்றால் சுழல்காற்று, கொள்ளையும்கூட, வளி என்றால் காற்று. இலங்கைத் தமிழர் இதையே கொண்டார்கள். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்ததை அவர்கள் சூறாவளி என்கிறார்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்ததை நாம் புயல் என்கிறோம். நுங்கம்பாக்கத்து வானிலை மையம் மீனவர்களுக்குத் தரும் எச்சரிக்கையில் வரும் சூறாவளிக்காற்றோ பலத்த காற்று மட்டுமே, புயலே இல்லாத நாளிலும் வீசக்கூடியது.

அதே மையத்தின் அறிக்கையில் புயல் என்பது அளந்த சொல். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று படியேறி, காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல். 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரப் புயல், அதற்கும் மேலே இன்னும் இரண்டு படி. எல்லாமே காற்றின் வேகத்தை வைத்துப் போட்ட படிகள். மழைக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று தனி எச்சரிக்கை உண்டு. ஆனால் ஊர் காது கொடுப்பது புயல் என்ற ஒற்றைச் சொல்லுக்குத்தான்.

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அந்தச் சொல்லுக்கு முழு நியாயம் செய்தது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் சென்னையெங்கும் ஆயிரக்கணக்கில் மரங்கள் விழுந்தன. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பர் 1-ஐ நினைத்துப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரைமீறி கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது. அன்று புயலே இல்லை. வெறும் தாழ்வு என்றதும் பலர் கீழ்த்தளத்திலேயே தூங்கப் போனார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையில் கரையைக் கடக்கவே இல்லை. கடலோரமாகவே வடக்கே நகர்ந்து 5-ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது. போகிற போக்கில் அது கொட்டிய மழையில் தியாகராய நகரின் தெருக்கள் நீரில் நின்றன. வள்ளுவர் காலத்துப் பொருளில் அந்த இரண்டு டிசம்பர்களும் புயல்தான்.

வட இந்தியப் பெருங்கடல் புயல்களுக்காக 2020-இல் வெளியான பட்டியலுக்கு 13 நாடுகள் ஆளுக்கு 13 பெயர்கள் தந்தன. இந்தியா தந்தவற்றில் முரசு இருக்கிறது, நீர் இருக்கிறது. அம்புத் என்றும் ஒரு பெயர் உண்டு. வடமொழியில் அதற்கு மேகம் என்று பொருள்.