எண்பதாம் நம்பர் ஊசியும் லோத்தல் மணியும்

எங்கள் வங்கியில் எண் பெரிதானால் தொகை பெரிது. டிரில் பிட் விஷயத்தில் தலைகீழ். 60ஆம் நம்பர் பிட் 1 மில்லிமீட்டர் சொச்சம். 80ஆம் நம்பர் வெறும் 0.34 மி.மீ.! நாலைந்து தலைமுடியைச் சேர்த்துப் பிடித்த கனம், அவ்வளவே.

எனக்கெதற்கு இது என்கிறீர்களா? மகன் பாய்மரக் கப்பல் மாடல் செய்கிறான். கயிறு கோக்கும் கட்டைகளில் ஓட்டை போட வேண்டும். அகமதாபாத் ரிலீஃப் ரோடு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் அலைந்தபோதுதான் இந்த உலகமே தெரிந்தது. வாங்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சர்க்யூட் போர்டு துளைக்கிற பிட் என்று கேட்டால் கிடைப்பது டங்ஸ்டன் கார்பைடு. அடிப்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே தடிமன் (3.175 மி.மீ., அதாவது கால் அங்குலத்தில் பாதி), கழுத்தில் கலர் வளையம். எஃகை விடப் பல மடங்கு கடினம், ஆனால் கண்ணாடி மாதிரி. கொஞ்சம் சாய்த்தாலும் படக். கையால் உருட்டும் பின் வைஸில் போட ஹை ஸ்பீடு ஸ்டீல் பிட்டே மேல். அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நாலு சுற்றுக்கு ஒரு முறை வெளியே எடுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும்.

இந்தத் தூள்தான் துளை போடுகிறவனின் பரம்பரை எதிரி. 19ஆம் நூற்றாண்டின் பாதி வரை இரும்பைத் துளைக்கத் தட்டையாக அடித்துக் கூராக்கிய பிட்தான். தூள் உள்ளேயே தங்கிவிடும். 1863 ஏப்ரலில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஸ்டீஃபன் மோர்ஸ் முறுக்குப் பள்ளம் வைத்த பிட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பிட் சுற்றச் சுற்ற, பள்ளம் வழியாகத் தூள் தானே மேலேறி வந்துவிடும். அடுத்த வருடமே கம்பெனி ஆரம்பித்துவிட்டார். இன்று நம் வீட்டுச் சுவரில் ஓட்டை போடுகிறவர் கையில் இருப்பதும் அந்த வம்சம்தான்.

கார்பைடு கதை 1920களில் ஜெர்மனியில். க்ருப் நிறுவனம் அதற்கு வைத்த பெயர் ‘விடியா’. ஜெர்மன் மொழியில் ‘வைரம் போல’ என்பதன் சுருக்கம். நம்மூர்ப் பட்டறைகளில் இன்றும் ‘விடியா டூல்’ என்பார்கள். யாருக்கும் அர்த்தம் தெரியாது :-)

வைரம் என்றதும்தான் நான் இருக்கிற ஊர்ப் பக்கத்து விஷயம் வருகிறது. இங்கிருந்து சுமார் 80 கி.மீ. தெற்கே லோத்தல். 1950களில் எஸ்.ஆர். ராவ் தோண்டிய ஹரப்பா கால ஊர். துறைமுகம் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். அங்கே மணி செய்யும் பட்டறையும் கிடைத்தது என்பது பலருக்குத் தெரியாது. இன்னும் முந்திப் போனால் பலுசிஸ்தானத்து மெஹர்கர். அங்கே ஒன்பது பேரின் பதினோரு கடைவாய்ப் பற்களில் துளை போட்டிருக்கிறார்கள் என்று 2006இல் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. 7500 முதல் 9000 வருடங்களுக்கு முன்! அதில் சின்னத் துளை 1.3 மி.மீ. மணி துளைத்துப் பழகிய கை பல்லுக்குப் போயிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் ஊகம்.

ஹரப்பாக்காரர்கள் துளைத்தது சூதுபவளம் என்கிற சிவப்புக் கல். எஃகுக் கத்தியே அதில் கீறாது. அவர்களிடம் இரும்பும் இல்லை. சன்ஹுதாரோவில் 1935-36இல் தோண்டிய எர்னஸ்ட் மெக்கே அங்கே கல் பிட்களைக் கண்டெடுத்தார். அந்தக் கல்லுக்குப் பிற்பாடு கெனோயரும் விடாலேயும் அவர் பெயரையே வைத்து ‘எர்னஸ்டைட்’ என்றார்கள். கட்ச் தோலாவீராவில் இத்தகைய பிட்கள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. நுனி கொஞ்சம் அகலம், நடு கொஞ்சம் ஒடுக்கம். உள்ளே சிக்காமல் இருக்கத்தான் அந்த வடிவம். இரண்டு முனையிலிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைத்தார்கள்.

வேகம்? கெனோயர் சோதித்துச் சொன்னது மணிக்கு 2.5 மி.மீ. நீளமான 36 மணிகள் கோத்த ஒரு இடுப்புப் பட்டிக்கு 480 வேலை நாட்களுக்கு மேல் ஆகும் என்று கணக்குப் போட்டார். வாரம் ஒரு நாள் லீவு விட்டால் ஒன்றரை வருடம். இராக்கில் ஊர் நகரத்து அரச கல்லறைகளில் இந்த மணிகள் கிடைக்கின்றன என்றால், அவற்றின் விலை எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இதே தொழில் காம்பே வளைகுடா ஓரம் கம்பாத்தில் இன்றும் நடக்கிறது. பிட் மட்டும் மாறிவிட்டது. இரும்புக் கம்பி நுனியில் இரண்டு வைரத் துணுக்கு. வில்லால் இழுத்துச் சுற்றுவார்கள், துளையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். நம் பக்கமும் வைர நுனி ஊசி புதிதில்லை. அரிக்கமேட்டு மணிகளின் துளைகளை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் அந்தத் தடயத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். நொய்யல் கரைக் கொடுமணலிலும் மணிப் பட்டறைகள் இருந்தன.

இதுவரை சொன்னதெல்லாம் பெருமைக் கணக்கு. பற்று வைக்காமல் வரவு மட்டும் எழுதினால் பேரேடு நேராகாது. கம்பாத்தில் துளை போடுவது தண்ணீரில், அதில் அவ்வளவு பயமில்லை. மணியைத் தேய்த்து உருட்டுவதுதான் ஆபத்து. எமரி சக்கரத்தில் உலராகத் தேய்க்கும்போது பறக்கும் சிலிக்கா தூள் நுரையீரலில் படிகிறது. சிலிகோசிஸ், கூடவே காசநோய். சிலிகோசிஸுக்குக் குணமாக்கும் மருந்து கிடையாது. வேலை பெரும்பாலும் வீட்டு வாசலிலேயே நடப்பதால் சக்கரத்தில் கை வைக்காத வீட்டாரும் அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள். அகமதாபாத்திலேயே இருக்கிற தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்திருக்கிறது. நாலாயிரம் வருடத் தொடர்ச்சி என்று புகழ்கிற கட்டுரைகள் நிறைய படித்தேன். பாதிக்கு மேல் இதைத் தொடவே இல்லை. எனக்கு அது கோபம்தான்.

மகனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். ரெசின் பாகத்தை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், மாஸ்க் போடாமல் டிரில் தொடக்கூடாது.

குஜராத்தில் இருக்கும் நம்மவர்கள் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை லோத்தலுக்கு அழைத்துப் போங்கள். திறந்திருக்கும் நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். மியூசியத்தில் முத்திரைகளைப் பார்த்துவிட்டு மணிப் பெட்டியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். சில மணிகள் ஊசி முனை அளவுதான். அதிலும் ஓட்டை இருக்கிறது.