குரல்வளையில் தீ: லேசர் அறுவையும் சிரைவழி மயக்கமும்

1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கரியமில வாயு லேசரை உருவாக்கியவர் சி. குமார் என். படேல். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் பயின்றவர். அவருடைய கதிரின் அலைநீளம் 10.6 மைக்ரான். அந்த அலைநீளத்தை நீர் வெகுவாக உறிஞ்சிக்கொள்ளும். உடல் திசுவில் பெரும்பகுதியும் நீரே. ஆகவே கதிர் ஆழம் செல்லாமல் மேற்பரப்பை மட்டும் ஆவியாக்குகிறது. குரல்நாணுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி அரிது. 1970களின் தொடக்கத்தில் பாஸ்டன் நகரின் ஸ்டூவர்ட் ஸ்ட்ராங், கேசா ஜாக்கோ ஆகியோர் இதனைக் குரல்வளை அறுவைக்குக் கொண்டுவந்தனர். குழந்தைகளின் குரல்வளையில் வெட்ட வெட்ட முளைக்கும் பாப்பிலோமாக் கட்டிகளுக்கு இது பெரும் வரமாயிற்று.

ஆனால் அறுவை மருத்துவர் கதிரைச் செலுத்தும் அதே குறுகிய வழியில்தான் மயக்க மருத்துவரின் குழாயும் இருந்தது. குழாயோ ரப்பர் அல்லது பிவிசி. அதனுள் ஓடியதோ ஆக்சிஜன். கதிர் ஒருமுறை குழாயைத் துளைத்துவிட்டால், அது நோயாளியின் மார்புக்குள் ஊதுலையாக எரியக்கூடும். மயக்கத்திற்கென்றே பல்லாண்டுகளாகக் கொடுக்கப்பட்டுவந்த நைட்ரஸ் ஆக்சைடும் எரிதலுக்குத் துணைபோகும் வாயு என்பது கவனத்திற்குரியது.

குழாய்க்கு உலோகத் தாள் சுற்றினர். உலோகக் குழாய்களையே செய்தனர். குழாயின் காற்றுப்பையில் காற்றுக்குப் பதிலாக உப்புநீர் நிரப்பினர். மற்றொரு வழி, குழாயையே அகற்றிவிடுவது. 1967இல் சாண்டர்ஸ் விவரித்திருந்த, உயரழுத்தத்தில் மூச்சுக்காற்றைப் பீச்சும் முறை அதற்கு உதவியது. எரிய இப்போது குழாய் இல்லை. ஆனால் மயக்க வாயுவைச் செலுத்தவும் வழியில்லாமற் போயிற்று: பீச்சும் காற்று சுற்றுக்காற்றையும் இழுத்துக்கொள்வதால் வாயுவின் அளவு நிலைப்பதில்லை, வெளியேறுவது அறுவை மருத்துவரின் முகத்தில்தான் படும். மருந்து சிரைவழியே செல்லவேண்டிய கட்டாயம் இவ்வாறு பிறந்தது.

1934 முதல் பயன்பட்டுவந்த தயோபென்டால் இதற்குப் போதவில்லை. தொடர்ந்து செலுத்தினால் கொழுப்பில் தேங்கி, விழிப்பைத் தாமதப்படுத்தும். வீங்கிய குரல்வளையோடு இருப்பவர் தாமதமாக விழிப்பது தனி ஆபத்து. பிரிட்டனின் ஐசிஐ நிறுவனத்தில் ஜான் கிளென் குழுவினர் கண்டறிந்த புரோபோஃபால் 1977இல் மனிதரிடம் சோதிக்கப்பட்டது. கரைப்பானால் ஒவ்வாமை எழுந்தது. பின்னர் சோயா எண்ணெயும் முட்டை லெசித்தினும் கலந்த பால்மமாக மாற்றப்பட்டு, 1986இல் விற்பனைக்கு வந்தது. 1990களில், சில நிமிடங்களிலேயே சிதையும் ரெமிஃபென்டானிலும் அதனோடு சேர்ந்தது.

ஆயினும் வாயு மயக்கத்திற்கு இருந்த ஒரு வசதி இதற்கு வாய்க்கவில்லை. வெளிவிடும் மூச்சை அளந்து மயக்க வாயுவின் செறிவை நொடிதோறும் அறியலாம். புரோபோஃபாலை அறுவை அரங்கில் அவ்வாறு எளிதில் அளக்க இயலாது. ஊசி சிரையிலிருந்து நழுவினால், தசைதளர்த்தியால் அசைய முடியாத நோயாளி விழித்தபடியே அறுவையை உணரக்கூடும். அதனாலேயே மூளையின் மின்னலைகளைப் பதியும் பட்டை நெற்றியில் ஒட்டப்படுகிறது. ஊசி செருகிய கையும் துணிக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி வைக்கப்படுகிறது.