ஆங்கில இலக்கணத்தை வகுத்தவர் யார்?

ஆங்கிலம் பயிலும் மாணவர்கள் இலக்கண நூலை ஓர் அரசாணையைப் போலக் கருதுவது இயல்பு. 'இவ்வாறு எழுதுக, இவ்வாறு எழுதற்க' என்று நூல் கூறும். நாமும் அவ்வாறே எழுதுவோம். அவ்விதிகளை வகுத்தவர் யார், அவர்களுக்கு முன் மக்கள் எவ்வாறு பேசினர் என்று கேட்பதில்லை. பிரான்சு நாட்டில் மொழியைப் பேணுவதற்கென்றே 1635-ஆம் ஆண்டில் ஒரு கழகம் நிறுவப்பெற்றது. இங்கிலாந்திலும் மொழியைத் திருத்தி நிலைபெறச் செய்ய ஓர் அமைப்பு வேண்டும் என்று ஜானதன் ஸ்விப்ட் 1712-இல் வேண்டினார், அது நிறைவேறவில்லை. அவ்வாறாயின் ஆங்கில விதிகளுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது? நாள்தோறும் வழங்கும் நான்கு தொடர்களின் வரலாற்றைப் பார்த்தால் விடை புலப்படும்.

ஆங்கிலத்திற்கு அச்சில் வந்த முதல் இலக்கணம் 1586-இல் வில்லியம் புல்லோக்கர் எழுதிய சிறு நூல். ஆங்கிலமும் விதிகளுக்கு உட்பட்ட மொழியே என்று காட்டுவது அவருடைய நோக்கம். அந்நாளில் பள்ளிகளில் இலக்கணம் என்றாலே இலத்தீன் இலக்கணந்தான். ஆகவே இலத்தீனுக்குத் தைத்த சட்டையையே அவர் ஆங்கிலத்திற்கும் அணிவித்தார். அவருக்குப் பின் வந்த பலரும் அவ்வழியே சென்றனர்.

புலவர்கள் இலத்தீனை நோக்கியிருந்த அதே காலத்தில், மக்கள் நாவில் ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்துகொண்டிருந்தது. 'நீ என்ன சொல்கிறாய்?' என்று கேட்க 'வாட் ஸே யூ' என்பது பழைய வழக்கு. 'வாட் டூ யூ ஸே' என்பது புதிய வழக்கு. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இரண்டும் கலந்து வருகின்றன. ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆல்வார் எல்லகோர்டு பல நூற்றாண்டு நூல்களிலிருந்து இத்தொடர்களைத் திரட்டி எண்ணி, 1953-இல் தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். 'டூ' என்னும் துணைவினை வினாத்தொடரில் முந்திப் பரவியது, எதிர்மறையில் பிந்தியது. 'அறியேன்' என்னும் பொருளுடைய 'ஐ நோ நாட்' போன்ற சில தொடர்கள் நெடுங்காலம் அசையாமல் நின்றன. 1700-ஆம் ஆண்டளவில் பெரும்பாலும் இன்றைய முறை நிலைத்துவிட்டது. இவ்விதியை எந்தப் புலவரும் இயற்றவில்லை. பேசியவர்களே அறியாமல் தலைமுறை தலைமுறையாக இதனை அமைத்தனர்.

இரண்டாவது தொடர் முன்னிலைச் சொல்லைப் பற்றியது. முற்காலத்தில் ஒருவனை 'தௌ' என்றும் பலரை 'யீ' அல்லது 'யூ' என்றும் அழைத்தனர். பின்னர் மரியாதை கருதி ஒருவரையும் பன்மையால் அழைக்கலாயினர். 'நீங்கள்' என்னும் பன்மைச் சொல்லை நாம் பெரியவர் ஒருவருக்கு வழங்குவது போன்றதே இது. ஆனால் தமிழில் 'நீ' அழியவில்லை. ஆங்கிலத்திலோ 'தௌ' பொதுவழக்கிலிருந்து மறைந்தது. ஒருமைக்கும் பன்மைக்கும் 'யூ' ஒன்றே எஞ்சியதனால் மயக்கம் உண்டாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டு மக்கள் அதற்கு ஒரு வழி கண்டனர். ஒருவரிடம் பேசும்போது 'யூ வாஸ்' என்றும், பலரிடம் பேசும்போது 'யூ வேர்' என்றும் கூறினர். எண் மயக்கம் நீங்கியது. இதனினும் தெளிவான முறை வேறென்ன வேண்டும்?

1762-இல் ராபர்ட் லவுத் என்னும் சமய அறிஞர் தம் சிற்றிலக்கணத்தை வெளியிட்டார். அவர் பிற்காலத்தில் லண்டன் பிஷப்பாக உயர்ந்தவர். 'யூ' பன்மைச் சொல்லாதலின் 'யூ வாஸ்' பெரும்பிழை என்று அவர் தீர்ப்புக் கூறினார். முதல்தர எழுத்தாளரும் இதில் தவறியுள்ளனர் என்பதை அவரே எடுத்துக்காட்டினார். 1795-இல் லிண்ட்லி மர்ரே என்பவர் யார்க் நகரப் பெண்கள் பள்ளி ஒன்றின் பொருட்டு இலக்கணம் எழுதினார். லவுத்தின் கருத்துகள் பலவற்றை எடுத்தாண்ட அந்நூல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எண்ணற்ற பதிப்புகள் கண்டது. பள்ளியும் அச்சகமும் சேர்ந்து 'யூ வாஸ்' வழக்கை எழுத்துலகிலிருந்து விலக்கின. நாட்டுப்புறத்தாரும் தொழிலாளரும் வீட்டில் அவ்வாறே பேசிவந்தனர். அதனால் கல்லாதவர் என்ற பெயரையும் சுமந்தனர். முன்னாளில் கற்றோர் பேச்சாயிருந்தது பின்னாளில் இழிவழக்கு ஆயிற்று.

மூன்றாவது, வாக்கியத்தின் இறுதியில் முன்னிடைச்சொல் நிற்கலாகாது என்னும் விதி. 'ஹூ ஆர் யூ டாக்கிங் டு' என்று ஆங்கிலேயர் இயல்பாகவே கேட்பர். இலத்தீனில் அவ்வாறு அமைக்க இயலாது. கவிஞர் ஜான் டிரைடன் 1672-இல் இவ்வழக்கைக் காட்டி, மறைந்த நாடகாசிரியர் பென் ஜான்சனைக் குறை கூறினார். தாம் 1668-இல் வெளியிட்ட உரைநடை நூலையும் 1684-இல் மறுபதிப்புச் செய்தபோது இத்தகைய தொடர்களைத் தேடித்தேடி மாற்றினார். லவுத் இதில் அவ்வளவு கடுமை காட்டவில்லை. பேச்சுக்கும் எளிய நடைக்கும் இது பொருந்தும், உயர்ந்த நடையில் தவிர்ப்பது அழகு என்பதே அவர் கருத்து. ஆங்கிலம் இவ்வழக்கில் நாட்டமுடையது என்று கூறும் அவருடைய தொடரும் முன்னிடைச்சொல்லிலேயே முடிகிறது! பின் வந்த ஆசிரியர்கள் அந்த நயத்தைக் கைவிட்டுத் தடையை மட்டும் பற்றிக்கொண்டனர். ஆயினும் மக்கள் பேச்சு மாறவில்லை.

நான்காவது, நம் மாணவர் அனைவரும் செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்றும் பயிற்சியில் எழுதும் தொடர். 'வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது' என்பதற்கு 'தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்' என்று எழுதுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டினர் 'தி ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினர். 'பீயிங்' சேர்ந்த தொடர் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் கடிதங்களில் தலைகாட்டியது. கவிஞர் ராபர்ட் சதி 1795-இல் எழுதிய கடிதத்தில் அது காணப்படுகிறது. அடுத்த நூற்றாண்டில் இலக்கணக்காரர் பலர் இதனை அருவருப்பான புதுமை என்று எதிர்த்தனர். 1870-இல் அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு கிராண்ட் ஒயிட் தம் நூலில் இதனைக் கண்டித்து ஓர் அதிகாரமே எழுதினார். அவர் கண்டித்த தொடரை இன்று எழுதாவிட்டால் தேர்வில் மதிப்பெண் கிடையாது!

இந்நான்கு வரலாறுகளும் உணர்த்துவது யாது? விதிகளில் இருவகை உண்டு. மக்கள் பேச்சிலே தாமாக விளைந்தவை ஒருவகை. புலவர் இலத்தீனையோ தருக்கத்தையோ அளவுகோலாகக் கொண்டு வகுத்தவை மற்றொரு வகை. பின்னவற்றுள் 'யூ வேர்' வென்றது. முன்னிடைச்சொல் பற்றிய தடையும் 'பீயிங்' மீதான தடையும் தோற்றன. வென்றதும் தருக்கத்தின் வலிமையால் அன்று. பள்ளியும் அச்சும் கற்றோர் வழக்கும் அதனை ஏற்றுக்கொண்டமையால் வென்றது.

இதனால் இலக்கணம் வேண்டா என்பது பொருளன்று. தேர்வுத்தாளிலும் அலுவலகக் கடிதத்திலும் இன்று கற்றோர் ஏற்கும் வழக்கையே நாம் எழுதவேண்டும். அதனை ஐயமறக் கற்பது நம் கடமை. ஆனால் அவ்வழக்கினின்று வேறாகப் பேசுபவரை அறிவிலி என்று எண்ணுதல் தகாது. 'யூ வாஸ்' என்னும் உழைப்பாளி, பதினெட்டாம் நூற்றாண்டில் அறிஞர் நாவில் இருந்த சொல்லையே பேசுகிறார். விதி ஒன்றைப் படிக்கும்பொழுது, அது மக்கள் நாவிலே பிறந்ததா, புலவர் எழுதுகோலிலே பிறந்ததா என்று ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள். கேட்பவருக்கு இலக்கணம் மனப்பாடச் சுமையாக இராது. ஒரு மக்களின் வரலாறாகவே விளங்கும்.