நஞ்சின் வழியே ஏற்பியை நோக்கி: நரம்பு–தசைச் சந்தி ஆய்வின் வரலாறு

நரம்பில் ஓடிவரும் மின் துடிப்பு, தசையைத் தொடுவதற்குச் சற்று முன்பே நின்றுவிடுகிறது. மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதாயிரத்தில் ஒரு பங்கேயான அந்த இடைவெளியைக் கடப்பது அசிட்டைல்கொலின் என்னும் வேதிப்பொருள். இந்த வரலாற்றை 1921இல் ஓட்டோ லோவி செய்த தவளை இதயச் சோதனையிலிருந்து தொடங்குவது பாடநூல் வழக்கம். ஆனால் அது இதயத்தைப் பற்றிய சோதனை. கை கால்களை அசைக்கும் தசைகளைப் பொறுத்தவரை, ஆய்வாளர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவை நஞ்சுகளே.

முதல் நஞ்சு குராரே. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய தாவரச் சாறு இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சில் கிளாத் பெர்னார் இதைத் தவளைக்குச் செலுத்தினார். ஒரு காலுக்கு மட்டும் நஞ்சு போகாதபடி அதன் இரத்த ஓட்டத்தைக் கட்டி நிறுத்தினார், நரம்பை விட்டுவைத்தார். நஞ்சேறிய தோலைக் கிள்ளியபோது அந்தக் கால் துள்ளியது. ஆக, உணர்வு நரம்புக்குக் கேடில்லை. நஞ்சேறிய தசையில் நேராக மின்சாரம் பாய்ச்சினால் அதுவும் சுருங்கியது. இயக்க நரம்புக்கும் தசைக்கும் உள்ள தொடர்பு மட்டுமே அறுந்திருந்தது.

தொடர்பு எங்கே அறுந்தது? இதற்கு விடை தந்தவர் கேம்பிரிட்ஜின் ஜான் லாங்லி. கோழியின் தசையில் நிக்கோட்டினை இட்டால் அது சுருங்கும். நரம்பை வெட்டி அது சிதைந்துபோன பிறகும் சுருங்கும். எனவே நிக்கோட்டின் செயல்படும் இடம் நரம்பு அன்று. குராரே அந்தச் சுருக்கத்தைத் தடுத்தது. ஆயினும் மின்சாரத்துக்குத் தசை அப்போதும் இசைந்தது. எனவே சுருங்கும் பொருளும் அந்த இடம் அன்று. தசையில் மூன்றாவதாக ஓர் 'ஏற்கும் பொருள்' இருக்க வேண்டும் என்று 1905இல் அவர் எழுதினார். கண்ணால் காணாத ஒன்றை இரண்டு நஞ்சுகளைக் கொண்டு தருக்கத்தாலேயே நிறுவிய இந்த ஆய்வு, லோவியின் சோதனைக்கு நிகரான புகழுக்கு உரியது என்பது என் உறுதியான எண்ணம்.

அசிட்டைல்கொலினின் செயல்களை ஹென்றி டேல் 1914இலேயே விவரித்துவிட்டார். ஆனால் இயக்க நரம்பு அதை வெளியிடுகிறதா என்று காட்டுவது கடினமாக இருந்தது. வெளிவந்த கணமே ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். ஹிட்லர் ஆட்சியில் 1933இல் பெர்லினில் வேலையிழந்த வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க், அதற்கான வழியோடு லண்டன் வந்தார். கலபார் அவரையின் நஞ்சான எசரின் அந்த நொதியை முடக்கும். எசரினில் ஊறிய அட்டையின் தசைத்துண்டு, மிகச் சிறிதளவு அசிட்டைல்கொலினுக்கும் சுருங்கிக் காட்டும். டேல், ஃபெல்ட்பெர்க், மார்த்தே ஃபோக்ட் மூவரும் 1936இல் வெளியிட்ட முடிவு தெளிவானது: இயக்க நரம்பைத் தூண்டினால் அசிட்டைல்கொலின் வெளிவருகிறது, குராரேயால் தசை அசையாதபோதும் வெளிவருகிறது. குராரே தடுப்பது அனுப்புவதை அன்று, ஏற்பதை.

இதற்குள் ஒரு மருத்துவர் முந்திக்கொண்டிருந்தார். இமை சரிந்து, தசைகள் சோர்ந்துபோகும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் குராரே நஞ்சேற்றத்தைப் போல இருப்பதைக் கவனித்த மேரி வாக்கர், 1934இல் லண்டன் கிரீனிச்சில் ஒரு நோயாளிக்கு எசரின் கொடுத்தார். தளர்ந்த தசைகள் சில மணி நேரத்துக்கு வலுப்பெற்றன.

1950களில் பால் ஃபாட்டும் பெர்னார்ட் காட்ஸும், தூண்டாத தவளைத் தசையிலும் ஏறத்தாழ அரை மில்லிவோல்ட் அளவில் சிறு துடிப்புகள் தாமாகவே எழுவதைக் கண்டனர். அசிட்டைல்கொலின் பொட்டலம் பொட்டலமாக வெளியாகிறது என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது.

லாங்லி ஊகித்த 'ஏற்கும் பொருளை', அதாவது ஏற்பியை, கையில் பிடிக்க உதவியது பாம்பு. தைவானில் வாழும் கட்டுவிரியன் இனம் ஒன்றின் நஞ்சிலிருந்து 1963இல் சாங், லீ இருவரும் பிரித்தெடுத்த ஆல்ஃபா பங்காரோடாக்சின், ஏற்பியை இறுகப் பற்றிக்கொள்ளும். அதைக் கொண்டு மின் மீன்களின் உறுப்பிலிருந்து ஏற்பியைப் பிரிக்க முடிந்தது. ஐந்து புரதத் துண்டுகள் வளையமாகச் சேர்ந்த வாயில் அது. இரண்டு அசிட்டைல்கொலின் மூலக்கூறுகள் ஒட்டினால் திறந்து சோடியத்தை உள்ளே விடும். மின் விலாங்கின் ஏற்பியை முயல்களுக்குச் செலுத்திய பேட்ரிக், லிண்ட்ஸ்ட்ராம் இருவரும் 1973இல் அவற்றுக்கு மயஸ்தீனியா போன்ற தளர்ச்சி வந்ததைக் கண்டனர். உடலே தன் ஏற்பியைத் தாக்குவதுதான் அந்நோய் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

நம் ஊர் மருத்துவமனைகளிலும் இந்த வரலாறு பயன்பாட்டில் இருக்கிறது. நல்ல பாம்பின் நஞ்சு ஏற்பியை அடைக்கிறது. அதனால் எசரினைப் போல, அசிட்டைல்கொலினைச் சிதைக்கும் நொதியை முடக்கும் நியோஸ்டிக்மினை, நஞ்சுமுறி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தால் பலன் கிடைக்கக்கூடும். கட்டுவிரியனின் நஞ்சு ஏற்பியைப் பற்றுவதோடு நில்லாமல் நரம்பு முனையையே சிதைப்பதால், அந்தக் கடிக்கு நியோஸ்டிக்மின் பெரும்பாலும் உதவுவதில்லை. நரம்பு முனை மீண்டும் வளரும்வரை செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கிறது.