குண்டு விழுந்த இடத்தில் பூத்த பூ: ‘பொம்வீட்’ என்ற பெயர் வந்த கதை

லண்டனில் ஆளுயரத்துக்கு வளர்ந்து இளஞ்சிவப்பாய்ப் பூக்கும் காட்டுப்பூண்டு ஒன்றுக்கு ‘பொம்வீட்’ என்றொரு பெயர் உண்டு. குண்டுப்பூண்டு என்று பொருள்.

அதன் வழமையான ஆங்கிலப் பெயர் ‘ரோஸ்பே வில்லோஹேர்ப்’. ‘ரோஸ்பே’ என்பது அலரிக்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய பெயர். இலையும் பூவின் நிறமும் அலரியை நினைவூட்டியதால் அது இதற்கும் வந்தது. வட அமெரிக்காவில் இதன் பெயர் ‘ஃபயர்வீட்’, தீப்பூண்டு. காடு எரிந்த நிலத்தில் முதலில் முளைப்பவற்றில் இதுவும் ஒன்று.

1940 செப்டெம்பர் முதல் 1941 மே வரை ஜேர்மன் விமானங்கள் லண்டன் மீது குண்டு வீசின. எரிந்த இடிபாடுகளில் வெயில் விழுந்தது. போட்டிக்கு வேறு செடிகளும் இல்லை. ஒரு செடியிலிருந்தே பல்லாயிரம் விதைகள் பஞ்சிழையோடு காற்றில் வந்து இறங்கின. அடுத்த கோடைகளில் இடிபாடுகள் பூத்துக் கிடந்தன. சனங்கள் கண்டதையே பெயராக வைத்தார்கள்.

2002இல் ‘பிளான்ட்லைஃப்’ அமைப்பு நடத்திய வாக்கெடுப்பில் லண்டனுக்குரிய பூவாகத் தெரிவானதும் இதுதான்.

எங்களிடம் “உன்ர வீட்டில எருக்கு முளைக்க” என்பது சாபம். மீள்குடியேறியவர்களோடு பேசும்போது, கூரையில்லாத வீட்டுக்குள் எருக்கலை நின்ற கதையை நானும் கேட்டிருக்கிறேன். வெட்டிப்போட்டுத்தான் உள்ளே போனார்களாம். அதே எருக்கம்பூவைத்தான் பிள்ளையாருக்கு மாலையாகவும் கட்டுகிறோம்.