காம்பை ஆட்டிப் பாருங்கள்!

பொன்னமராவதி பக்கம் தோட்டத்துச் சீமைக்கருவேலத்தை வெட்டக் கோடாலி வாங்குகிறவர், முதலில் கூர்மையைத்தான் தடவிப் பார்ப்பார். கூர் போனால் தீட்டிக்கொள்ளலாம். ஓங்கும்போது தலை கழன்று பறந்தால்?

மனிதனை ரொம்ப காலம் படுத்திய பிரச்னை இது! 1863-ல் சென்னைப் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த பழைய கற்காலக் கருவிக்குக் காம்பே கிடையாது. கையில் பிடித்தே வெட்டினார்கள். புதிய கற்காலத்தில், வழவழவென்று தேய்த்த கல்லைக் கட்டையில் பொருத்தினார்கள். பெருங்கற்காலத்தில் இரும்பு வந்தது. தட்டையான தலையைக் காம்போடு சேர்த்து இரும்புப் பட்டைகளால் குறுக்கே இறுக்கினார்கள். பிற்பாடு தலையிலேயே துளை போட்டு, காம்பைச் செருகி, ஆப்பு அடித்தார்கள்... பிரச்னை தீர்ந்தது!

தன் இனத்தையே வெட்டுவதால் துரோகியைக் 'கோடரிக்காம்பு' என்று திட்டுகிறோம். ஆனால், வெட்டுகிறவரின் உயிர் அந்தக் காம்பிலும் ஆப்பிலும்தான் இருக்கிறது. காசு கொடுக்குமுன் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள்!