ஓர்கன் குழல்வரிசையும் ஊவாத் தோட்டத்துக் கீர்த்தனையும்

பதுளை நகரின் புனித மாற்கு ஆலயம் 1857இல் திறக்கப்பட்டது. 1845 யூன் 7ஆம் நாள் அப்புத்தளையில் இடிவீழ்ந்து மாண்ட மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்தது அது. (ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற பெயரும் அவருக்குண்டு.) அவ்வாலயம் சார்ந்த அங்கிலிக்கன் மரபிலே வழிபாட்டுக்குரிய தலையாய கருவி குழலோர்கன். அதன் குழல்வரிசைகளைத் தெரிந்து இணைக்கும் கலை, தோட்டத் தமிழரின் பாட்டுக்கு எவ்வளவு தூரம் இயைந்தது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

குழல்வரிசைக்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயர் 'ஸ்டொப்'. நிறுத்துவது என்று பொருள். ஆயின் அதற்குரிய குமிழை இழுத்தால் ஒலி நிற்பதில்லை, பிறக்கிறது! இடைக்கால ஐரோப்பாவின் பேரோர்கன்களில் ஒரு கட்டையை அழுத்தியதும் அதற்குரிய குழல்கள் யாவும் ஒருங்கே முழங்கின. வேண்டாதவற்றை அடைத்து நிறுத்தும் பொறி பின்னரே வந்தது. ஆகவே இக்கலையின் தொடக்கம் அடக்கத்தில் உள்ளது எனலாம். 8 அடி வரிசை எழுதிய சுரத்திலேயே ஒலிக்கும். 4 அடி வரிசை ஒரு ஸ்தாயி மேலே. 2 அடி வரிசை இரண்டு ஸ்தாயி மேலே. எட்டடியை அடித்தளமாக வைத்து, தெளிவு வேண்டின் நாலடியையும் பொலிவு வேண்டின் ஈரடியையும் சேர்ப்பர். உலோக நாக்கு அதிரும் எக்காள வரிசையோ பெருங்காயம் போன்றது; சிறிது மிஞ்சினாலும் பிறிதெதுவும் தெரியாது.

1854இல் கோப்பித் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றத் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கிற்று. பெயரே அக்காலத்து மனப்பான்மைக்குச் சான்று. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் அதில் உழைத்தனர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் வளர்த்த தமிழ்க் கீர்த்தனை மரபு, ஆங்கில ஞானப்பாட்டைப் போல நாற்குரல் இணைவில் நிற்பதன்று; ஒற்றை இராகத்தின் நெளிவில் நடப்பது. ஓர்கன் கட்டைக்குக் கமகம் அகப்படாது. எல்லாக் குமிழ்களையும் இழுத்துவிட்டுக் கீர்த்தனை வாசிப்பது, பாடுவோரின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும். மெல்லிய எட்டடிப் புல்லாங்குழல் வரிசை ஒன்றே அதற்குப் போதுமானது என்பது என் கருத்து.

குழலோர்கன் ஏறவியலாத மலைத்தோட்டங்களுக்கு ஏற்றது கைத்துருத்தி ஆர்மோனியமே. அதற்கும் குமிழ்கள் உண்டு. கல்கத்தாவிலே உருமாறிய அக்கருவியில் சில குமிழ்கள் சுருதிக்கெனவே ஒதுக்கப்பட்டன. அதனை வாசிப்பவர் முதலில் தெரிவது ஒலி வண்ணத்தையன்று. நாள் முழுதும் கொழுந்தெடுத்துத் திரும்பியவர்களின் தொண்டை எந்தச் சுருதிக்கு எட்டும் என்பதையே.